ஹெட்ஷாட் எடுக்கப் போகும் நடிகர்களுக்கு: எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது

சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம், வடபழனி என்று வாய்ப்புத் தேடும் நடிகர்கள் புழங்குகிற பகுதியில் அவர்களுக்கு ஹெட்ஷாட், அதாவது வாய்ப்புக் கேட்டு அனுப்புகிற முகப்படம், எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. வருகிறவர்கள் வேறு வேறு ஆள்; கொண்டுவருகிற குறை மட்டும் மாறுவதில்லை. "போட்டோவுல நான் மாதிரியே இல்ல சார்", "மூஞ்சி பளபளன்னு இருக்கு", "சிரிச்சா பொம்மை மாதிரி தெரியறேன்". இவற்றில் பெரும்பாலானவை ஸ்டுடியோவுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, வீட்டிலேயே சரிசெய்துவிடக் கூடியவை. அதனால் இங்கே கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். உங்கள் படத்தை ஒரு கோ-டைரக்டரோ காஸ்டிங் பார்க்கிறவரோ வாட்ஸ்அப்பில், நூறு படங்களுக்கு நடுவே, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே பார்க்கிறார். அவர் தேடுவது அழகான படத்தை அல்ல, ஒரு முகத்தை. பிடித்தால் கூப்பிடுவார். கூப்பிட்டால், படத்தில் பார்த்த அதே ஆள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் அளவுகோல் இதுதான்.

## முதலில் ஒரு சோதனைப் படம்

ஷூட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். காலை பத்து மணி வாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் நில்லுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். பவுடர், மேக்கப் எதுவும் வேண்டாம். யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நிற்க வைத்து, போனின் பின்பக்கக் கேமராவில் 2எக்ஸ் ஜூம் வைத்து, உங்கள் கண் உயரத்துக்குப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நேராக, இடப்பக்கம், வலப்பக்கம், சிரித்து, சிரிக்காமல். போனில் பியூட்டி மோடு இருந்தால் முழுதாக அணைத்துவிட வேண்டும்.

இந்தப் படங்களை அழிக்காதீர்கள். கீழே எந்தக் கோளாறு உங்களுக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்க இவைதான் தேவை. ஷூட் அன்றைக்குப் போட்டோகிராபரிடமும் காட்டலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

## கோளாறு: "படம் நல்லா இருக்கு, ஆனா நான் மாதிரி இல்லை"

அடிக்கடி வருவதும், அதிகம் கெடுப்பதும் இதுதான். காரணங்கள் பல, பொறுமையாக ஒவ்வொன்றாக விலக்குங்கள்.

கண்ணாடி முகமா, நிஜ முகமா? தினமும் நீங்கள் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலம் மாறிய உங்கள் முகம். கேமரா எடுப்பது மற்றவர்கள் பார்க்கிற முகம். வகிடு மறுபக்கம் போனதும், ஒரு புருவம் ஏறியிருப்பதும் அதனால்தான் உறுத்துகிறது. படத்தை போன் எடிட்டரில் இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பியதும் "ஆ, இதுதான் நான்" என்று தோன்றினால் படத்தில் கோளாறே இல்லை. திருப்பிய படத்தை அனுப்பிவிடாதீர்கள், நேரில் மறுபக்கமாகத் தெரிவீர்கள். உறுதிப்படுத்த வேண்டுமானால் உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம் இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.

தூரம். மூக்கு பெரிதாகவும் காது பின்னால் ஒளிந்தும் தெரிந்தால் கேமரா மிக அருகில் இருந்திருக்கிறது. கை நீட்டி எடுக்கிற செல்ஃபியில் எல்லோருக்குமே இப்படித்தான் வரும். ஐந்தாறு அடி தள்ளி எடுத்த சோதனைப் படத்தில் மூக்கு சரியாகிவிட்டால் காரணம் உறுதி. ஸ்டுடியோவில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவாக இருந்தால் 85 மி.மீ.யிலிருந்து 135 மி.மீ. வரையிலான லென்ஸில் எடுப்பார்கள். யாராவது 35 மி.மீ. லென்ஸோடு முகத்துக்கு நேரே வந்தால், "கொஞ்சம் பின்னால போய் எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

போன மாதத்து முடி. கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் விரதத்தில் இருக்கும்போது தாடியோடு வந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. விரதம் முடிந்ததும் தாடி போய்விடும், படம் மட்டும் ஆறு மாதம் ஊரைச் சுற்றும். பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டுவிட்டு பழைய சுருட்டை முடிப் படத்தை அனுப்புவதும் இதே கதைதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அடுத்த சில மாதங்களுக்கு எந்தத் தோற்றத்தில் இருக்கப் போகிறீர்களோ அதில் எடுங்கள். வேண்டுதல் இருந்தால் முதலில் வேண்டுதல், அப்புறம் படம்.

முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம். படத்தைப் பெரிதாக்கி முகம், காது, கழுத்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முகம் மட்டும் இரண்டு படி வெளுத்து, காது மடல் உங்கள் சொந்த நிறத்தில் இருந்தால் ஃபவுண்டேஷன் ஷேடு தவறு. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஒரே வெளிர் ஷேடைப் பூசும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதைப் போட்டால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஷேடைத் தாடை எலும்பின் மேல் ஒரு கோடு தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு கரைந்து காணாமல் போனால் அது உங்களுடையது. கையில் தடவிப் பார்ப்பது உதவாது, கையும் முகமும் ஒரே நிறத்தில் இருப்பது அபூர்வம்.

எடிட்டிங். போட்டோகிராபரிடமோ எடிட்டரிடமோ சொல்ல ஓர் எளிய விதி: இரண்டு வாரத்தில் தானாகப் போகிற எதையும் எடுக்கலாம், போகாததை எடுக்கக் கூடாது. பரு, கொசுக்கடி, ஷேவிங் கீறல், காற்றில் பறந்த ஒரு முடி, இவை போகலாம். மச்சம், தழும்பு, அம்மைத் தழும்புக் குழி, கண்ணோரச் சுருக்கம், தோலின் நிறம், இவை உங்களுடையவை, இருக்கட்டும். நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு இருப்பதாலேயே ஒரு பாத்திரத்துக்கு நீங்கள் பொருந்தலாம். அதை அழித்துவிட்டு, பொருந்தவில்லை என்று வருந்துவதில் என்ன பயன்?

நிறத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "கொஞ்சம் ஃபேர் பண்ணிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள், அந்த நிறத்தை நம்பிக் கூப்பிட்டவர் முன்னால் போய் நிற்கும்போது, அவர் முகத்தில் ஒரு கணம் தெரிகிற குழப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் நீங்கள் நடிப்பதற்கு முன்பே பாதி போய்விடுகிறது. கருத்த தோல் நல்ல வெளிச்சத்தில், சரியான எக்ஸ்போஷரில் எடுத்தால் எலும்பின் வடிவமும் கண்ணும் எடுப்பாகத் தெரியும். தோலை வெளுக்கத் தேவையே இல்லை; விளக்கைச் சரியாக வைத்தால் போதும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்களிடம் இருக்கிற எந்த ஷேடும் தாடைச் சோதனையில் தேறவில்லை என்றால் ஒரு மேக்கப் கலைஞரைப் பிடியுங்கள். கழுத்து, காது, கை வரை சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எடுத்து முடித்த படங்கள் எல்லாவற்றிலும் முகம் உங்களுடையதாக இல்லையென்றால், எடிட் செய்யாத மூலப் படங்களைக் கேட்டு வாங்கி வேறொரு எடிட்டரிடம் கொடுங்கள். மறு ஷூட்டை விட அது மலிவு.

## கோளாறு: முகம் மின்னுகிறது, அல்லது வெள்ளைத் திட்டு விழுகிறது

சென்னைப் புழுக்கத்தில் இது வருவதில் வியப்பில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் முதலாவதைச் சரிசெய்யப் போய்த்தான் இரண்டாவது வருகிறது.

மின்னினால் முதலில் ஓய்வு. பைக்கில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் விளக்குக்கு முன்னால் நிற்காதீர்கள். இருபது நிமிடம் ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள், முகத்தைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுங்கள். அப்புறமும் மின்னினால், மெல்லிய டிஷ்யூவை நெற்றி, மூக்கு, மேலுதடு மீது வைத்து அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. அப்புறம்தான் பவுடர், அதுவும் மிகக் கொஞ்சம். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் முந்தின நாளே சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிவிடுங்கள். நெற்றியில் இறங்குகிற எண்ணெயை எந்தப் பவுடரும் தடுக்காது.

வெள்ளைத் திட்டு விழுந்தால் நீங்கள் பூசியிருப்பது என்ன என்று பாருங்கள். டால்கம் பவுடர் வியர்வையில் கட்டி கட்டியாக நிற்கும். 'ஹெச்டி' என்று விற்கிற சில பவுடர்களில் இருக்கும் சிலிக்காவும், சன்ஸ்கிரீனில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவையும், கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு நேர் ஃப்ளாஷ் அடிக்கும்போது வெள்ளையாகப் பளிச்சிடும். சோதனை எளிது: இருட்டறையில் போன் ஃப்ளாஷை நேராக அடித்து ஒரு படம். அதில் வெளுத்தால் அந்தப் பொருளை ஷூட் அன்றைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். முகத்தில் போய்விட்டதாகத் தோன்றும், ஆனால் காதுக்கு முன்னால் இருக்கிற பூனைமுடியில் தங்கியிருக்கும். குளோசப்பில் அது தெரிகிறது.

## கோளாறு: பரு, சிவப்பு, தடிப்பு

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முந்தின நாள் செய்த ஏதோ ஒன்று. ஃபேஷியல், பிளீச், த்ரெடிங், புது கிரீம், புது டை. ஃபேஷியலும் பிளீச்சும் ஒரு வாரம் முன்னால், த்ரெடிங் மூன்று நாள் முன்னால், முடி வெட்டுவது ஐந்தாறு நாள் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய அன்றைக்கு முடியின் ஓரங்கள் பளிச்சென்று கோடு போட்டதுபோல் இருக்கும். சில நாளில் தணிந்துவிடும்.

ஹேர் டை போடுகிறவர்கள் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். கருப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு நெற்றியையும் கண் இமையையும் வீங்க வைத்துவிடும். போட்டு முடித்தபின் நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் கறை இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஷேவிங் தடிப்பு வருகிறவர்கள் வெந்நீரில் முகத்தை நனைத்து, புது பிளேடால், முடி வளரும் திசையில் மட்டும், முந்தின நாள் இரவே செய்துவிடுவது நல்லது. ஒரு நாள் கட்டை முடி படத்தில் பெரிதாகத் தெரியாது. சிவந்த கழுத்து தெரியும்.

வந்துவிட்ட பருவைப் பிதுக்காதீர்கள். பிதுக்காத பரு கன்சீலருக்கும் எடிட்டிங்குக்கும் சில நிமிட வேலை. பிதுக்கினால் புண், பொருக்கு, அதன்மேல் மேக்கப் நிற்காது.

எப்போது மருத்துவர்: வலிக்கிற, பெரிய, உள்ளே கட்டியாக நிற்கிற பருக்கள் என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள், ஷூட்டை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை. அப்புறம் அந்த 'வெள்ளையாக்கும்' கிரீம். மெடிக்கலில் யாரோ சொல்லி வாங்கிப் பூசி, முதலில் முகம் பளிச்சென்று ஆகி, நிறுத்தியதும் சிவந்து எரிந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. இன்னும் அவை கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தோலை வைத்துத்தான் நமக்குப் பிழைப்பு.

## கோளாறு: கண்

சிவந்திருக்கிறது. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, நேராக ஸ்டுடியோவுக்கு வந்தால் கண் சிவக்காமல் என்ன செய்யும்? முந்தின நாளே வந்து தங்குங்கள். முடியாவிட்டால் ஷூட்டை மதியத்துக்கு மாற்றக் கேளுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் கண்மேல் போட்டுப் படுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கடைசி நிமிடத்தில் போடுங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து அந்த நேரத்துக்கு வெளுக்கும், பழகிவிட்டால் சிவப்பு திரும்பத் திரும்ப வரும். அதை நம்பாதீர்கள். வலி, பீளை, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் கண் மருத்துவர். மெட்ராஸ் ஐ என்றால் ஷூட்டை ரத்து செய்யுங்கள். மேக்கப் பிரஷ் வழியாக அடுத்தவருக்கும் போகும்.

மூடிக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், போட்டோகிராபர் மூன்று எண்ணட்டும், மூன்றில் திறங்கள். அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிகிறது. கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து சற்றுத் தூக்கி, கண்ணாடியின் முகம் லேசாகக் கீழ்நோக்கும்படி வையுங்கள். போகவில்லையென்றால் விளக்கை இன்னும் மேலே ஏற்றச் சொல்லுங்கள். அதுவும் ஆகவில்லையென்றால் கண்ணாடிக் கடையில் கொடுத்து ஃபிரேமிலிருந்து லென்ஸைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியோடு ஒரு செட், இல்லாமல் ஒரு செட் எடுத்துவிடுங்கள்.

உயிரில்லாமல் இருக்கிறது. கருவிழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் விளக்கின் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் கோளாறு வெளிச்சத்தில். விளக்கைக் கீழே இறக்கவோ, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு வெள்ளைத் தெர்மாகோலை மார்பு உயரத்தில் பிடிக்கவோ சொல்லுங்கள். புள்ளி இருந்தும் உயிரில்லையென்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## கோளாறு: முகம் விறைத்துப் போகிறது, சிரிப்பு ஒட்டவில்லை

சோதனைப் படத்தில் இயல்பாக இருந்து ஸ்டுடியோவில் விறைத்தால் காரணம் சூழல். இரண்டிலும் விறைத்தால் காரணம் பழக்கம். இதை முதலில் பிரித்துவிடுங்கள்.

சூழல் என்றால் முதலில் வயிறு. காலையில் எதுவும் சாப்பிடாமல், "முகம் உப்பிடும்" என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். பதினொரு மணிக்குப் படத்தில் அது தெரிகிறது: தாடை இறுகி, கன்னம் ஒட்டி, கண்ணில் எரிச்சல். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்தது, கூட வந்தவர்கள். அண்ணன், நண்பன், அம்மா என்று கேமராவுக்குப் பின்னால் நான்கு பேர் நின்றால் முகம் அவர்களுக்காகவே நடிக்கும். யாராவது கட்டாயம் கூட வர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், குறிப்பாகப் பெண்கள், கூட்டி வாருங்கள். அவர் அறையிலேயே இருக்கட்டும், ஆனால் உங்கள் பார்வையில் படாத மூலையில்.

அதற்கும் அடுத்து உடம்பு. விறைப்பு முகத்தில் தொடங்குவதில்லை, பெருவிரலில் தொடங்குகிறது. ஷூவுக்குள் விரல்கள் மடங்கியிருக்கும், முட்டி பூட்டியிருக்கும், தோள் காதை நோக்கி ஏறியிருக்கும். விரல்களை விரித்து விடுங்கள். தோளை ஒரு முறை தூக்கிப் பொத்தென்று போடுங்கள். வாயை 'ஆ' என்று திறந்து தாடையைத் தொங்க விடுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காமல், பாதி வெளியே விட்ட நிலையில் கிளிக் ஆகும்படி போட்டோகிராபரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்தும் சிரிப்பு ஒட்டவில்லையா? சிரிக்காதீர்கள். நீங்கள் நடிகர், உங்களுக்கு வசனம் வேண்டும். மனதுக்குள் ஒரே ஒரு வரி எடுத்துக்கொள்ளுங்கள், அது குறிப்பிட்ட ஓர் ஆளிடம் சொல்வதாக இருக்கட்டும். "நீ பொய் சொல்றேன்னு தெரியும், பரவாயில்ல" என்று தம்பியிடம். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துட்டுப் போயேன்" என்று ஒருத்தியிடம். "கணக்கைத் தீர்த்துட்டுப் பேசு" என்று கடன்காரனிடம். தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்துவிட்டு, அந்த வரியோடு லென்ஸுக்குத் திரும்புங்கள். லென்ஸ்தான் அந்த ஆள். திரும்பி வந்த முதல் அரை நொடியில் கண்ணின் கீழிமை லேசாக மேலே ஏறும். நல்ல படம் அங்கேதான் கிடைக்கும். வரி மாறினால் முகம் மாறும். வீட்டில் இப்படி ஆறேழு வரிகளை எழுதி, போனில் வைத்துக்கொண்டு வாருங்கள். மேக்கப்புக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும்.

எடுத்த படத்தை ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓடிவந்து பார்க்காதீர்கள். பார்த்ததும் மனம் நடிப்பிலிருந்து முகத்துக்குப் போய்விடும். உடை மாற்றும் இடைவேளையில் பார்க்கலாம்.

எப்போது வெளி உதவி: இரண்டு வேறு போட்டோகிராபர்களிடமும் இதே விறைப்பு வந்தால், மூன்றாவது போட்டோகிராபரைத் தேடாதீர்கள். அந்தப் பணத்தை நடிப்புப் பயிற்சிக்குக் கட்டுங்கள். 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்கள் உடலையும் மூச்சையும் குரலையும் பழக்குவதை முதன்மையாக வைத்தவை. அந்த வழியில் வந்த ஒருவர் கேமராவுக்கு முன்னால் நிற்பதை நீங்கள் ஒரு முறை பார்த்தால் நான் சொல்வது புரியும்: ஒன்றுமே செய்யாமல் நிற்பார், படம் முழுக்க அவர் இருப்பார்.

## கோளாறு: நாடிக்குக் கீழே சதை

நாடியை மேலே தூக்காதீர்கள், மூக்குத்துளைதான் தெரியும். நெற்றியை லென்ஸை நோக்கி ஒரு அங்குலம் முன்னால் நீட்டி, நாடியைச் சற்றே தாழ்த்துங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆமை தலை நீட்டியதுபோல் இருக்கும், நேரே தாடைக்கோடு தெளிவாக விழும். கேமரா கண் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். இதற்கு மேல் எடிட்டிங்கில் வெட்டச் சொல்லாதீர்கள். பருமன் உங்கள் முகத்தின் பகுதியென்றால் அந்த முகத்துக்கும் பாத்திரம் இருக்கிறது.

## கோளாறு: முகத்தை விட சட்டைதான் தெரிகிறது

முதலில் பெட்டியிலிருந்து எடுத்ததும் இஸ்திரி. மடிப்புக் கோடு நெஞ்சில் குறுக்கே ஓடினால் கண் அங்கேதான் போகும். அடுத்து பனியன்: மெல்லிய சட்டைக்குள் பனியனின் வளைவு தெரிகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சங்கிலியின் கொக்கி கழுத்துக்கு முன்னால் நழுவி வந்திருக்கும், அதைப் பின்னால் தள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டிய கருப்புக் கயிறு, கோயில் கயிறு இவற்றை அவிழ்க்க மனமில்லையென்றால் முழுக்கை போடுங்கள். கையில் மருதாணி இருந்தால் மிட் ஷாட்டில் (இடுப்பு வரையிலான படத்தில்) கையைக் காட்டாமல் எடுக்கலாம். இல்லையென்றால் மங்கும் வரை பொறுங்கள்.

சட்டையில் அலை அலையாக வானவில் கோடுகள் ஓடினால் அது துணியின் குற்றம். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி டிஜிட்டல் கேமராவில் அப்படித்தான் வரும். எடிட்டிங்கில் அதைப் போக்குவது பெரும்பாடு. சட்டையை மாற்றுவது ஒரு நிமிடம்.

நாடிக்குக் கீழே பச்சையோ ஆரஞ்சோ படர்ந்திருந்தால் பளீர் நிறச் சட்டையின் எதிரொளி. மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை, செங்கல் நிறம், மங்கிய கடுகு மஞ்சள் போன்ற அடங்கிய நிறங்கள் நம் தோல்களுக்கு நன்றாக உட்காருகின்றன. தூய வெள்ளைச் சட்டை போட்டே தீர வேண்டும் என்றால் போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுத்து, லோகோ போட்ட டீ-ஷர்ட் வேண்டாம்.

கருமுடி கருப்புப் பின்னணியில் கரைந்து தலை மொட்டையாகத் தெரிந்தால், பின்னாலிருந்து முடிக்கு ஒரு விளக்கு, அல்லது சாம்பல் நிறப் பின்னணி. தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கினால் பின்னால் இரண்டு கிளிப் மாட்டினால் அன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் ஆடிஷனுக்கும் அதே சட்டையைப் போடப் போகிறீர்கள் என்றால் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

## கோளாறு: ஐம்பது படம் இருக்கிறது, எல்லாம் ஒரே படம்

உடை மட்டும் மாறி ஆள் மாறாததால் வருவது. உங்களுக்குப் பொருந்துகிற இரண்டு மூன்று ஆட்களை முன்பே முடிவு செய்யுங்கள்: பேங்க் வேலை பார்க்கிறவர், கிராமத்து மூத்த மகன், எஸ்.ஐ. அதற்கேற்ற உடை, அதற்கேற்ற வரி. சீருடையை வாடகைக்கு எடுத்து மாட்ட வேண்டியதில்லை. எஸ்.ஐ. என்பது ஒட்ட வெட்டிய முடியிலும் நிமிர்ந்த கழுத்திலும் தெரியட்டும். பெண்களுக்கு ஒரு காட்டன் புடவை, ஒரு சாதாரண குர்தி போதும். பட்டுப் புடவையும் ஜிமிக்கியும் பத்து வயது கூட்டும்.

ஆண்கள் முடியின் வரிசையில் தவறக் கூடாது. முதலில் முழுத் தாடி, அப்புறம் ஒதுக்கிய தாடி, அப்புறம் மீசை மட்டும், கடைசியில்தான் மழித்த முகம். நம் படங்களில் மீசை இருக்கிறவர், இல்லாதவர் இரண்டும் இரண்டு வேறு ஆட்கள். அதனால் மீசையை எடுக்குமுன், அடுத்த ஒரு மாதத்தில் மீசையோடு யாராவது கூப்பிட வாய்ப்பிருக்கிறதா என்று யோசியுங்கள்.

குறைந்தபட்சமாக இவை கையில் இருக்க வேண்டும்: நேர் குளோசப், இரு பக்கத் தோற்றம், இடுப்பு வரை ஒன்று, தலை முதல் கால் வரை ஒன்று. அதிகம் மெனக்கெட வேண்டியது முதலாவதில்.

## கோளாறு: என்னிடம் தெளிவாக இருக்கிறது, அனுப்பினால் மங்குகிறது

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது ஹெச்டி தேர்வை அழுத்துங்கள். அப்படியும் மங்கினால், நீங்கள் அனுப்புவது ஸ்கிரீன்ஷாட்டா என்று பாருங்கள். ஆச்சரியப்படும் அளவுக்குப் பலர் அதைத்தான் அனுப்புகிறார்கள். கம்ப்யூட்டரில் நிறம் நன்றாக இருந்து சில போன்களில் வெளிறினால், ஃபைல் அடோபி ஆர்ஜிபி என்ற நிற முறையில் இருக்கும். போட்டோகிராபரிடம் போன்களுக்கு ஏற்ற எஸ்ஆர்ஜிபி-யில் மாற்றிக் கேளுங்கள். 2400-க்கு 3000 பிக்சல் இருந்தால் போனிலும் தெளிவு, 8-க்கு 10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டாலும் தெளிவு.

டிரைவ் லிங்க் அனுப்புகிறவர்கள் அதை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். "அனுமதி கேளுங்கள்" என்று வந்தால், பார்க்கிறவர் கேட்க மாட்டார், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஃபைலுக்கு உங்கள் பெயரையே வையுங்கள். உயரம், நடிக்கக்கூடிய வயது வரம்பு, தெரிந்த மொழிகள், ஊர், போன் எண் ஆகியவற்றைச் செய்தியில் எழுதுங்கள், படத்தின் மேல் பொறிக்காதீர்கள்.

## கோளாறு: படத்தைப் பார்த்தவர் பணம் கேட்கிறார்

"செலக்ட் ஆயிட்டீங்க, ஆனா போர்ட்ஃபோலியோ எங்ககிட்டதான் எடுக்கணும்", "ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணும்" என்று வந்தால் உங்கள் படத்தில் எந்தக் குறையும் இல்லை. நிஜமாகவே நடிகரைத் தேடுகிறவர் நடிகரிடம் பணம் வாங்குவதில்லை. படம் எடுக்கும் கூலி போட்டோகிராபருக்கு, அவரையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கம்பெனி பெயரையும் படத்தின் பெயரையும் கேளுங்கள், அந்த யூனிட்டில் வேலை பார்க்கிற யாரிடமாவது விசாரியுங்கள், நேரில் ஆபீஸுக்கு வருவதாகச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்காவது மழுப்பினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். உள்ளாடைப் படமோ, 'போல்ட்' படமோ வாட்ஸ்அப்பில் கேட்டால் விசாரிக்கவே வேண்டாம், அந்த நொடியே நிறுத்துங்கள். ஆனால் அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அது இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்த. பரிவர்த்தனை எண், அவர்கள் அனுப்பிய செய்திகள், போன் எண் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பெண்கள் மிரட்டலுக்கு ஆளானால் பெண்களுக்கான உதவி எண் 181.